கொண்டை முடிந்து மணம் மறுத்த பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனச் சமூகத்தைப் பற்றிய சமூகவியல் ஆய்வுகளில் மதம், பெண், இடப்பெயர்வு, குடும்பம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலமாரி உண்டு. நான்கும் ஒரே முடிச்சில் வந்து சேரும் இடங்கள் குறைவு. அப்படி ஓர் இடம் தென்சீனாவின் முத்து ஆற்றுக் கழிமுகம். அங்கே ஷுன்டே, நான்ஹாய், பான்யூ வட்டாரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940கள் வரை, கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்து வாழ்ந்த பெண்கள் இருந்தார்கள். பலர் பின்னர் ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கொண்டைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கிராமங்களில் கல்யாணம் ஆகாத பெண் நீளமாக ஒற்றைப் பின்னல் போட்டிருப்பாள். மணநாளன்று, கணவனும் பிள்ளைகளுமாக நிறைவாக வாழும் மூத்த பெண் ஒருத்தி அந்தப் பின்னலை அவிழ்த்து, வாரி, கொண்டையாக முடிந்துவிடுவாள். அன்றோடு அவள் சிறுமி இல்லை, குடும்பப் பெண். தெருவில் போகிற பெண்ணின் பிடரியைப் பார்த்தாலே அவள் நிலை தெரிந்துவிடும்.

இந்தப் பெண்கள் அதே சடங்கை மாப்பிள்ளை இல்லாமல் நடத்திக்கொண்டார்கள். நல்ல நாள் பார்த்து, வாசனை இலைகள் போட்டுக் காய்ச்சிய நீரில் குளித்து, புதுத் துணி உடுத்தி, குவான்யின் தேவியின் முன்னால் ஊதுவத்தி ஏற்றி உட்காருவாள் பெண். முன்பே சபதம் எடுத்த மூத்தவள் ஒருத்தி சீப்பை எடுப்பாள். ஒவ்வொரு வாருதலுக்கும் ஒரு வாழ்த்து: முதல் வாருதலுக்கு நல்வாழ்வு, இரண்டாவதற்கு நீண்ட ஆயுள், மூன்றாவதற்குத் தன் விருப்பப்படி வாழ்தல், நாலாவதற்குத் தூய்மை, ஐந்தாவதற்கு மன உறுதி, ஆறாவதற்குச் சகோதரிகளின் அன்பு. எட்டு வரை போகும். கணவனும் பிள்ளையும் அந்த வரிசையில் எங்கும் வருவதில்லை. பிறகு கல்யாண வீடு போலவே விருந்து.

காண்டனீஸ் மொழியில் இவர்களுக்கு ‘சோ ஹேய்’ என்று பெயர். வாரி முடிந்தவர் என்று பொருள். எழுத்து வழக்கில் ‘தானே வாரிக்கொண்ட பெண்’. சீப்பைப் பிடித்த கை வேறொருத்தியுடையது, முடிவு தன்னுடையது.

இந்த ஊர்களில் மட்டும் ஏன்?

முதல் விடை பட்டு. கழிமுகத்தில் நிலம் தாழ்வு. குளம் வெட்டி, அந்த மண்ணைக் கரையில் கொட்டி மல்பெரி நட்டார்கள். இலை புழுவுக்கு, புழுவின் எச்சம் குளத்து மீனுக்கு, குளத்துச் சேறு திரும்ப மல்பெரி வேருக்கு. அந்தச் சூட்டில் ஆண்டுக்கு ஆறேழு தடவை புழு வளர்க்க முடிந்தது. வேலைக்கு ஓய்வே கிடையாது. கர்ப்பிணியோ பிள்ளை பெற்றவளோ புழு இருக்கும் அறைக்குள் வந்தால் புழு கெட்டுவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஆகவே மணமாகாத பெண்ணின் கைக்குத் தனி மதிப்பு.

1870களின் தொடக்கத்தில், வியட்நாமில் வணிகம் செய்து திரும்பிய சென் சீயுவான் என்பவர் நான்ஹாயில் நீராவியில் இயங்கும் பட்டு நூற்பாலையைத் தொடங்கினார். அதைப் பார்த்து ஆலைகள் பெருகின. கொதிநீர்த் தொட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். நீரில் மிதக்கும் பட்டுக்கூடுகளில் இழையின் நுனியைத் தேடிப் பிடித்து, சில கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக ராட்டையில் ஏற்ற வேண்டும். நாள் முழுக்க ஆவி. விரல் நுனிகள் வெந்து வெளுத்துப்போகும். ஆனால் கூலி ரொக்கமாகக் கையில் வந்தது. தகப்பன் கையிலோ மாமனார் கையிலோ வாங்காத காசு.

பட்டே முழுக்காரணம் என்று சொல்பவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். யாங்சே ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் பட்டு உண்டு. வூசியிலும் ஷாங்காயிலும் ஆலைகளில் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஏன் யாரும் கொண்டை முடிந்து சபதம் எடுக்கவில்லை? காசு மட்டும் ஒரு வழக்கத்தை உண்டாக்காது. அதற்கு ஏற்கெனவே தோதான ஓர் உறவுமுறை அங்கே இருந்திருக்க வேண்டும்.

அந்த உறவுமுறை எது?

‘புகுந்த வீட்டில் இறங்காத’ கல்யாணம். மானுடவியலாளர் ஜானிஸ் ஸ்டாக்கார்ட் 1989இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மணப்பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். திரும்பியவள் அங்கேயே தங்கிவிடுவாள். பண்டிகைகளுக்கு மட்டும் கணவன் வீட்டுக்குப் போய் வருவாள். மூன்று வருடங்களாவது இப்படிப் போகும். கர்ப்பம் தரித்த பிறகே நிரந்தரமாகக் கணவன் வீடு. சீனாவின் பெரும்பகுதியில் மணநாளன்றே பல்லக்கில் ஏறிப் போனவள் மகளாகத் திரும்பி வருவதில்லை. அதனால் இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்ட வெளியூர்ச் சீனர்களே முகம் சுளித்தார்கள்.

இதில் இன்னொரு வழியும் இருந்தது. போக விருப்பமே இல்லாதவள், தான் சம்பாதித்த பணத்தில் கணவனுக்கு இரண்டாந்தாரமாக ஒருத்தியை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். பெயருக்கு மூத்த மனைவி, வாழ்க்கை தனி. இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது அந்த இரண்டாமவள்தான். ஒருத்தியின் விடுதலைக்கு விலையாகப் போனவளும் ஒரு பெண்; பெரும்பாலும் ஏழை வீட்டில் விற்கப்பட்ட சிறுமி.

பெற்றோர் எப்படிச் சம்மதித்தார்கள்?

எல்லாரும் சம்மதிக்கவில்லை. சம்மதித்தவர்களுக்குக் கணக்கு நேராக வந்தது. மகள் ஆலைக்குப் போகிறாள், கூலியில் ஒரு பங்கு வீட்டுக்கு வருகிறது. கட்டிக்கொடுத்தால் அது நின்றுவிடும். அக்காளுக்கு முடிக்காமல் தம்பிக்கு முடிக்கக் கூடாது என்ற முறையும் இருந்தது. கொண்டைச் சடங்கு நடந்தால் அவளுக்கு முடிந்தது என்று கொண்டு, தம்பியின் கல்யாணத்தைப் பார்க்கலாம். அந்தக் கல்யாணச் செலவுக்கும் பல வீடுகளில் அவள் பணம்தான்.

அவர்கள் எங்கே தங்கினார்கள்?

கழிமுகக் கிராமங்களில் ‘பெண்பிள்ளைகள் வீடு’ என்று ஒன்று உண்டு. வயதுக்கு வரும் பருவத்திலிருந்து பெண்கள் இரவில் அங்கே போய்ப் படுப்பார்கள். கதை கேட்பது, பாட்டுப் படிப்பது, தையல், ஊர்வம்பு எல்லாம் அங்கேதான். சபதச் சகோதரிகள் உருவானதும் அங்கேதான். வயதான பின் ‘அத்தைப்பாட்டி வீடு’: பலர் பணம் போட்டு வாங்கிய அல்லது கட்டிய வீடு. வாரி முடிந்தவள் பிறந்த வீட்டுக்கு வரலாம், உட்காரலாம், உதவலாம். உயிரை மட்டும் அங்கே விடக் கூடாது.

ஏன் பிறந்த வீட்டில் சாகக் கூடாது?

மொத்த விஷயத்துக்கும் சாவி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சீன வீட்டின் நடுக்கூடத்தில் மூதாதையர் பெயர்ப்பலகைகள் இருக்கும். தகப்பன், பாட்டன், அவர்களுடைய மனைவிமார். இறந்தவர்களுக்குப் படையல் போடுவது ஆண்வழிச் சந்ததியின் கடமை. மகள் அந்த வரிசையைச் சேர்ந்தவள் இல்லை. அவளுக்குரிய பலகை கணவன் வீட்டில் இருக்க வேண்டும். கணவனே இல்லாதவள் இறந்தால்? அவள் பெயருக்கு எங்கும் பலகை இல்லை. பலகை இல்லாத ஆவிக்குச் சோறில்லை. சோறில்லாத ஆவி பசித்து அலைந்து வீட்டாரையே பிடிக்கும் என்ற பயம்.

சமூகவியலாளர் சி. கே. யாங் 1961இல் சீன மதம் பற்றி எழுதியபோது, கோயில், குரு, சங்கம் என்று தனித்து நிற்கும் மதத்தையும், குடும்பத்துக்குள்ளும் தொழிலுக்குள்ளும் ஊர் நிர்வாகத்துக்குள்ளும் கரைந்துபோன மதத்தையும் பிரித்துக் காட்டினார். தண்ணீரில் உப்பு கரைந்த மாதிரி அந்த இரண்டாவது. இந்தப் பெண்கள் விஷயத்தில் அவர் பிரிவினை சட்டென்று உயிர்பெறுகிறது: குடும்பத்துக்குள் கரைந்த மதத்தில் இவர்களுக்கு இடமில்லை, ஆகவே தனித்து நிற்கும் மதத்தை நாடினார்கள்.

அந்த மதம் எது?

பெரும்பாலும் குவான்யின் வழிபாடும், ‘முன்வானப் பெருவழி’ போன்ற சமயக் குழுக்கள் நடத்திய, சைவ உணவு மட்டுமே உண்போரின் மண்டபங்களும். குவான்யின், போதிசத்துவர் அவலோகிதரின் சீனப் பெண் வடிவம். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூல் சொல்கிறதே, அவரேதான். சீனக் கதையில் அவர் மியாவ்ஷான் என்ற இளவரசி. கல்யாணம் மறுக்கிறாள், அரசன் கோபத்தில் அவள் சேர்ந்த மடத்தையே எரிக்கிறான். பின்னர் அவனுக்குத் தீரா நோய் வரும்போது, தன் கண்களையும் கைகளையும் கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறாள் அதே மகள். மணம் மறுத்தவள் தகப்பனுக்குத் துரோகி ஆவதில்லை என்று சொல்லும் கதை. வாரி முடிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் எங்கே கிடைக்கும்?

மண்டபங்களில் ‘மணிச்சுவடிகள்’ எனப்படும் கதைப்பாடல்களை உரக்கப் படிப்பார்கள். பிரசவ இரத்தம் சிந்திய பெண் இறந்தபின் இரத்தக் குளத்தில் கிடந்து வருந்துவாள் என்ற நம்பிக்கை அந்த உலகத்தில் அழுத்தமாக இருந்தது. பிள்ளை பெறாதவளுக்கு அந்தக் குளம் இல்லை. ஒரே நம்பிக்கை, ஒரு பக்கம் பெண்ணின் உடலைத் தீட்டாக்குகிறது. மறுபக்கம் மணம் மறுப்பதற்கு நல்ல நியாயமும் தருகிறது.

அதைவிட நடைமுறையான காரணம் பெயர்ப்பலகை. முன்கூட்டியே பணம் கட்டினால் மண்டபத்தில் உன் பெயருக்கு ஒரு பலகை வைப்பார்கள். உயிரோடு இருக்கும்வரை அதைச் சிவப்புத் தாளால் மூடி வைப்பது சீனர் வழக்கம். இறந்ததும் தாளை எடுத்துவிடுவார்கள். அதன்பின் படையல் போட மண்டபத்துச் சகோதரிகளும் சீடப் பெண்களும் இருப்பார்கள். குருவுக்குச் சீடப் பெண், அவளுக்கு இன்னொரு சீடப் பெண் என்று போகும் இந்த வரிசை, ஆண்வழி வம்சத்தைப் பார்த்துச் செய்ததுதான். சீன பௌத்தத்தில் பெண் துறவிகள்கூட ஒருவரையொருவர் ‘அண்ணன்’, ‘சிற்றப்பா’ என்று ஆண் உறவுச்சொல்லால் அழைப்பது வழக்கம்.

மானுடவியலாளர் மார்ஜரி வுல்ஃப் 1972இல் தைவான் கிராமப் பெண்களைப் பற்றி எழுதினார். புகுந்த வீட்டுக்கு அந்நியமாக வரும் பெண், தான் பெற்ற பிள்ளைகளைக் கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே தனக்கென்று ஒரு குடும்பத்தைக் கட்டிக்கொள்கிறாள் என்பது அவர் கண்டது. வாரி முடிந்தவர்கள் அந்த வழியையும் விட்டுவிட்டவர்கள். அவர்கள் கட்டியது சாவுக்குப் பிறகும் நிலைக்க வேண்டிய குடும்பம்.

இறந்துபோன ஆணைக் கட்டிக்கொண்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. மணமாகாமல் இறந்த இளைஞனின் பெயர்ப்பலகைக்கு மனைவியாகப் போனால், அந்த வீட்டுப் பலகை வரிசையில் இடம் கிடைக்கும். உயிருள்ள கணவனுடைய தொல்லை இல்லை. இதற்கு ‘வாசல் வாங்குதல்’ என்றும் ஒரு பேச்சு உண்டு. சாகப் படுக்கையில் கிடக்கும்போது அவசரமாக ஏற்பாடு செய்தவர்களும் இருந்தார்கள். மாமியாருக்குப் பணிவிடை, பணம் என்று கடமைகள் மட்டும் மிச்சம்.

சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் எப்படி வந்தார்கள்?

1929க்குப் பின் உலகச் சந்தையில் பட்டு விலை சரிந்தது. செயற்கைப் பட்டும் வந்துவிட்டது. கழிமுகத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1938இல் ஜப்பானியப் படை கழிமுகத்தின் பெருநகரான குவாங்சோவைப் பிடித்தது. இதே சமயத்தில் மலாயாவில் ஒரு சட்டம் தற்செயலாகக் கதவைத் திறந்து வைத்தது. 1933இல் அமலுக்கு வந்த அந்நியர் சட்டம் சீன ஆண்கள் வருவதற்கு எண்ணிக்கை வரம்பு விதித்தது. பெண்களுக்கு 1938 வரை வரம்பு இல்லை. அந்த இடைவெளியில் லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களில் வாரி முடிந்தவர்கள் ஒரு பகுதி. (இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் இந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை.)

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னலோ கொண்டையோ. சிங்கப்பூரில் இவர்களை ‘அமா’ என்றார்கள். வீட்டு வேலைக்காரி என்ற பொருளில் நாம் சொல்லும் ஆயாவைப் போலவே அமாவும் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல். இவர்களுக்குள் தொழில் பிரிவுகள் இருந்தன: சமையல், குழந்தை பார்ப்பது, துணி துவைப்பது. எல்லாவற்றையும் ஒருத்தியே செய்தால் ‘யாட் கியோக் தெக்’, அதாவது ஒரே காலால் எல்லாவற்றையும் உதைப்பவள். சொல்லும்போதே அலுப்பும் சிரிப்பும் கலந்திருக்கும்.

சைனாடவுன் கடைவீட்டு மாடியில் சிலர் சேர்ந்து ஓர் அறை எடுத்து வைத்துக்கொள்வார்கள். ‘கூலி ஃபோங்’ என்று பெயர். ‘ஃபோங்’ காண்டனீஸில் அறை; ‘கூலி’ நம்முடையது என்றே பலரும் கொள்கிறார்கள். பெட்டியை வைக்க, விடுமுறை நாளில் போய்ப் படுக்க, உடம்புக்கு முடியாதபோது ஒதுங்க, எந்த வீட்டில் நல்ல எஜமானி என்று விசாரிக்க அந்த அறை. பிடிக்காத வீட்டை விட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் துணிச்சல், போய் இறங்க ஒரு பாய் இருந்ததால் வந்தது.

சிவப்புத் தலைத்துணி அணிந்த சம்சூய் பெண்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லா இடத்திலும் இருக்கிறது. சம்சூய் பெண்கள் சான்ஷூய் வட்டாரத்தவர். கட்டட வேலையில் மண்ணும் செங்கல்லும் சுமந்தவர்கள். அவர்களில் பலர் கல்யாணமாகி ஊரில் குடும்பம் உள்ளவர்கள். கொண்டைச் சபதம் அவர்களுடைய அடையாளம் இல்லை.

பெண்களுக்குள் காதல் இருந்ததா?

சிலரிடையே இருந்தது என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதையே இந்த வழக்கத்துக்குக் காரணமாக்குவது மிகை.

சம்பாதித்த பணம் யாருக்குப் போனது?

தம்பிக்கு. அண்ணன் மகன் படிப்புக்கு. ஊரில் செங்கல் வீட்டுக்கு. எழுதத் தெரியாதவர்கள் தெருவோரக் கடிதம் எழுதுபவர் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, பணத்தோடு நாலு வரி அனுப்புவார்கள். கணவன் வீட்டின் பிடியிலிருந்து நழுவியவர்கள் பிறந்த வீட்டின் பிடியிலிருந்து கடைசிவரை நழுவவில்லை. ஐம்பது வயதிலும் அவர்கள் மகள்கள்தான். சமூகவியலாளர் ஃபெய் சியாவ்டொங், சீனரின் உறவு உலகத்தைக் குளத்தில் கல் விழுந்து எழும் வளையங்களாகச் சொன்னார்: நடுவில் தான், சுற்றிச்சுற்றி உறவு, தள்ளிப்போகப்போக மெலிந்துவிடும். கடல் தாண்டியும் இவர்களுடைய முதல் வளையம் ஷுன்டேயில் கிடந்தது. அண்ணன் மகனின் வளையங்களில் அத்தை எந்த வளையத்தில் இருந்தாள் என்பது வேறு கேள்வி.

சேர்த்து வைக்காதவர்களின் கடைசி நாட்கள் கொடியவை. வாடகை அறையில் யாரும் சாவதை வீட்டுக்காரர் விரும்பமாட்டார். சிங்கப்பூரின் சாகோ லேனில் இதற்கென்றே ‘சாவு வீடுகள்’ இருந்தன: மாடியில் நோயாளி, கீழே சவச் சடங்கு, வெளியே சவப்பெட்டிக் கடை. 1961இல் அவை தடைசெய்யப்பட்டன.

அப்படியென்றால் இது பெண் விடுதலையா, இல்லையா?

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் 1950களில் பணியாற்றிய மார்ஜரி டோப்லி, சைவ உணவு மண்டபங்களுக்குள் போய்ப் பெண்களிடம் பேசியவர். 1975இல் எழுதிய கட்டுரையில் அவர் இதை ‘மண எதிர்ப்பு’ என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்டாக்கார்ட், புகுந்த வீட்டில் இறங்காத கல்யாணத்தின் நீட்சியாகப் பார்த்தார்: தள்ளிப்போடத் தெரிந்த ஊரில், ஆலைக் கூலி வந்ததும் சிலர் முழுக்கவே தள்ளிப்போட்டார்கள். மானுடவியலாளர் ஹெலன் சியூ 1990இல், எதிர்ப்பு என்ற சொல்லே அவசரம், வட்டாரப் பண்பாடு என்று பார்க்க வேண்டும் என்றார். ஊரே ஏற்றுக்கொண்ட வழக்கத்தை ஊருக்கு எதிரான கலகம் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு சியூவின் எச்சரிக்கை நியாயமாகப் படுகிறது. ஆனால் அவர் பக்கம் முழுவதும் சாய மனம் வரவில்லை. சபதத்தை முறித்தவளுக்குக் கடும் தண்டனை கொடுத்தார்கள் என்று சொல்லப்படும் கதைகள் விடுதலையோடு ஒட்டவில்லை. இருந்தாலும் மாமியார் வீட்டு வாசலை மிதிக்காமல் ஒரு ஆயுளைத் தன் கூலியில் கழித்தவளிடம் போய், நீ செய்தது வெறும் வட்டார வழக்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இந்த ஆய்வுகள் ஏன் பெரும்பாலும் சீனாவுக்கு வெளியே நடந்தன?

1952இல் சீனப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் துறைகள் மூடப்பட்டன. 1979இல்தான் திரும்ப வந்தன. இடையில் ஃபெய்யே 1957இல் வலதுசாரி முத்திரை குத்தப்பட்டு ஒதுக்கப்பட்டார். முன்வானப் பெருவழி போன்ற குழுக்கள் 1950களில் பிற்போக்குச் சங்கங்கள் என்று ஒடுக்கப்பட்டன. ஆகவே கேட்க வேண்டியவர்களை ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும்தான் தேடிப் பிடிக்க முடிந்தது. அவர்களோ கிழவிகளாகி, ஐம்பது வருடத்துக்கு முந்தையதை நினைவிலிருந்து சொன்னார்கள்.

இப்போதும் யாராவது வாரி முடிகிறார்களா?

இல்லை. 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பெற்றோர் கட்டாயத்தையும் இரண்டாந்தாரத்தையும் சட்டவிரோதமாக்கியது, ஆலைகளும் போய்விட்டன. சிங்கப்பூர் 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்குத் திட்டம் கொண்டுவந்தபின், அமாக்கள் இருந்த சமையலறைகளுக்குப் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள் வந்தார்கள். ஷுன்டேயில் மல்பெரி நின்ற இடங்களில் வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகள். மிடியா, கலான்ஸ் நிறுவனங்கள் இரண்டுக்கும் தலைமையகம் அங்கேதான்.

ஷுன்டேயின் ஜுன்ஆன் என்ற ஊரில், சிங்கப்பூரில் உழைத்த வாரி முடிந்தவர்கள் காசு சேர்த்து 1950 வாக்கில் கட்டிய வீடு ஒன்று நிற்கிறது. பெயர் ‘பிங் யூ டாங்’, பனியும் பச்சைக்கல்லும் போன்ற மண்டபம். திரும்பி வருபவர்கள் சேர்ந்து வாழவும், இறந்தபின் பெயர்ப்பலகை வைக்கவும் கட்டியது. இப்போது அருங்காட்சியகமாகப் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. பலகைகளுக்கும் அதற்குள்தான் இடம்.